உங்கள் கதையில் இது எத்தனையாவது அத்தியாயம்?



பத்திரிகை கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நிச்சயமாக இந்தப் பக்கத்தை அல்ல! தொடர்கதை வரும் பக்கத்தைத்தான். பால் பொங்கினால் பொங்கட்டும். போன வாரம் ரயிலடியில் கையில் ஒரு பெட்டியோடு தனியாக நின்றாளே ஒரு பெண், அவள் என்ன ஆனாள் என்று தெரிந்தாக வேண்டும். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். இந்த உலகத்திலேயே இல்லாத ஒரு பெண்ணுக்காக நாம் ஏழு நாள் கவலைப்படுகிறோம். அவளுக்குத் துணை கிடைக்குமா, வழி பிறக்குமா என்று தவிக்கிறோம். "உங்கள் கதை என்ன அம்மா?" என்று நம்மையே யாராவது கேட்டு விட்டாலோ, "என் கதை என்ன பெரிய ராமாயணமா? விடிந்தால் அடுப்பு, பொழுது போனால் பாத்திரம்" என்று ஒரே வரியில் முடித்து விடுகிறோம். உத்தியோகம் பார்ப்பவளானால் அடுப்போடு பஸ்ஸும் சேர்ந்து கொள்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்!

தொடர்கதைப் பெண்ணுக்கு அத்தியாயம் உண்டு, திருப்பம் உண்டு, சோதனை உண்டு, அதற்கு ஓர் அர்த்தமும் உண்டு. நமக்கு மட்டும் வெறும் நாள்காட்டித் தாள்தானா? பழைய கதைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், நம்முடைய நாட்களுக்கும் ஒரு வழி தெரியும் என்று பலர் சொல்லி வந்திருக்கிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

ஒரே மாவு, பல பலகாரம்

அரிசியும் உளுந்தும் ஒன்றுதான். தட்டில் ஊற்றி ஆவியில் வைத்தால் இட்லி. கல்லில் வார்த்தால் தோசை. புளித்த மாவை மொத்தமாக ஊற்றி வெங்காயம் தூவினால் ஊத்தப்பம். கதைகளும் ஏறக்குறைய இப்படித்தான் என்று கண்டு பிடித்தவர்கள் உண்டு.

சிண்டரெல்லா கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். சிற்றன்னை கொடுமை, கிழிந்த துணி, யாரோ செய்த உதவி, ஒற்றைச் செருப்பு, ராஜகுமாரன். இந்த ஒரு கதைக்கு எத்தனை உருவங்கள் இருக்கின்றன என்று மேரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆங்கில மாது தேடித் தொகுத்து 1893-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் சேர்த்தவை 345! சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தக் கதை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே அந்தப் பெண்ணின் பெயர் யே-ஷியன். அவளுக்கு உதவி செய்வது ஒரு மீனின் எலும்புகள். செருப்பு மட்டும் அங்கேயும் தொலைந்துதான் போகிறது.

1928-ல் ருஷ்யாவில் விளாதிமிர் ப்ராப் என்ற பண்டிதர் இன்னும் ஒரு படி மேலே போனார். நூறு மாயக் கதைகளை எடுத்து வைத்துக் கொண்டு, கதையின் எலும்புக்கூடு எது என்று பார்த்தார். ஒரு கதையில் கிழவி குதிரை கொடுக்கிறாள். இன்னொன்றில் கிழவன் மோதிரம் கொடுக்கிறான். ஆளும் பொருளும் மாறினாலும், "வழியில் ஒருவர் உதவிப் பொருள் கொடுக்கிறார்" என்ற காரியம் மாறுவதில்லை. இப்படிப்பட்ட காரியங்கள் மொத்தம் 31, பாத்திரங்கள் ஏழு வகை என்று அவர் கணக்குப் போட்டு விட்டார்.

அடுத்து அமெரிக்காவில் ஜோசப் காம்பெல் என்ற பேராசிரியர். பல தேசத்துப் புராணங்களைப் படித்து விட்டு, 'ஆயிரம் முகங்கள் கொண்ட நாயகன்' என்று பொருள்படும் தலைப்பில் 1949-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதைச் சுருக்கினால் மூன்று சொற்கள்தான்: புறப்பாடு, சோதனை, திரும்புதல். நாயகனுக்கு ஓர் அழைப்பு வருகிறது. அவன் தெரிந்த இடத்தை விட்டுத் தெரியாத இடத்துக்குப் போகிறான். அங்கே அடிபட்டு, கற்று, ஏதோ ஒன்றைப் பெற்றுக் கொண்டு திரும்பி வருகிறான். கொண்டு வந்தது ஊருக்கும் பயன்படுகிறது. 1977-ல் வெளியாகி உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கிய 'ஸ்டார் வார்ஸ்' படத்தை எடுத்த ஜார்ஜ் லூகாஸ், காம்பெல்லின் புத்தகம் தமக்கு உதவியதாகச் சொல்லியிருக்கிறார்.

எல்லாம் சரி. பெண்களுக்கு என்ன என்று கேட்கிறீர்கள் அல்லவா?

அவளுக்குப் பயணம் வேண்டாமா?

அமெரிக்காவிலும் ஒரு பெண்மணி இதையே கேட்டு விட்டார். மௌரீன் மர்டாக் என்ற அந்த அம்மையார் குடும்பங்களுக்கு மன ஆலோசனை சொல்பவர். 1981-ல் காம்பெல்லையே நேரில் சந்தித்து, இந்தப் பயணம் பெண்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று விசாரித்தார். பெண்ணுக்குப் பயணமே தேவையில்லை, எல்லோரும் போய்ச் சேரத் துடிக்கும் இடமே அவள்தான், அதை அவள் உணர்ந்தால் போதும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார்.

கேட்பதற்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது! ஆனால் வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்து, "நீ எவ்வளவு அழகு, அங்கேயே இரு" என்று சொல்வது போலவும் இருக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை: காம்பெல் 1934 முதல் 1972 வரை பாடம் சொன்ன ஸாரா லாரன்ஸ் கல்லூரி, 1968 வரைக்கும் பெண்கள் கல்லூரி.

மர்டாக் அம்மையாருக்கு அந்தப் பதில் திருப்தி தரவில்லை. தம்மிடம் வந்த பெண்களின் அனுபவங்களை வைத்து, 1990-ல் 'நாயகியின் பயணம்' என்று தாமே ஒரு புத்தகம் எழுதினார்.

நம்மைக் கேட்டிருந்தால் இவ்வளவு சிரமமே பட்டிருக்க வேண்டாம். நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் பயணம் போகாத பெண் யார்? சாவித்திரி யமன் பின்னாலேயே நடந்தவள். நளன் விட்டுப் போன பிறகு தமயந்தி தனியாகக் காட்டைக் கடந்து, வணிகர் கூட்டத்தோடு சேர்ந்து வேற்று ஊர் போய், அங்கே அரண்மனையில் வேலைக்கு அமர்ந்து, பிறகு நாலா பக்கமும் ஆள் அனுப்பிப் புருஷனைக் கண்டு பிடித்தவள். கண்ணகி காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மதுரைக்குக் கால்நடையாகவே போனவள்.

நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த ஏ. கே. ராமானுஜன் ஓர் அருமையான விஷயத்தைக் கவனித்தார். ஆண்கள் நாயகர்களாக வரும் கதைகளில் கல்யாணம் பெரும்பாலும் கடைசியில் வருகிறது. ராஜகுமாரியை மணந்தான், சுபம். பெண்கள் நாயகிகளாக வரும் கதைகளிலோ கல்யாணம் ஆரம்பத்திலேயே முடிந்து விடுகிறது. கஷ்டமும் கதையும் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. இதைப் படித்த போது, பாட்டிமாருக்கு வாழ்க்கை நன்றாகவே தெரிந்திருக்கிறது என்று நினைத்துக் கொண்டேன்.

ஒரு பெண், ஒரு பாத்திரம்

பெண்ணின் பயணத்தை முதலிலிருந்து முடிவு வரை சொல்லும் காவியம் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. சீத்தலைச் சாத்தனார் பாடிய மணிமேகலைதான் அது. முப்பது காதைகள். உ. வே. சாமிநாதையர் 1898-ல் அச்சில் கொண்டு வந்திரா விட்டால், நாம் அவளைப் பெயரளவிலாவது அறிந்திருப்போமோ என்னவோ!

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகார் நகரில் இந்திர விழா. மாதவியும் மகள் மணிமேகலையும் ஆட வர வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. கோவலன் கொலையுண்ட பிறகு மாதவிக்கு அதில் மனம் இல்லை. பாட்டி சித்திராபதியோ விடுவதாக இல்லை. குலத்தொழில், ஊர் என்ன சொல்லும் என்கிறாள். தந்தையின் கதையைக் கேட்டு அழுத மணிமேகலையின் கண்ணீர், அவள் தொடுத்துக் கொண்டிருந்த மாலையிலே விழுகிறது. வேறு பூப் பறிக்கத் தோழி சுதமதியுடன் வனத்துக்குப் போகிறாள். அங்கே அரசகுமாரன் உதயகுமரன் தேடிக்கொண்டு வருகிறான். பளிங்கு மண்டபத்துக்குள் ஒளிந்து கொள்கிறாள்.

அன்றிரவு மணிமேகலா தெய்வம் தூங்குகிறவளைத் தூக்கிக் கொண்டு போய் மணிபல்லவம் என்ற தீவிலே விட்டு விடுகிறது. விழித்துப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அவள் முதலில் என்ன செய்கிறாள் தெரியுமா? ஞானம் பேசவில்லை. அழுகிறாள். காவிய நாயகிக்கும் அதுதான் முதல் காரியம்!

பிறகு தன்னைப் பற்றித் தெரிந்து கொள்கிறாள். தெய்வம் சில மந்திரங்களைச் சொல்லிக் கொடுக்கிறது. தீவதிலகை என்பவள் வழி காட்டுகிறாள். கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். அது முன்பு ஆபுத்திரன் கையில் இருந்தது. பசித்தவர் யாருமில்லாத இந்தத் தீவில் அவன் தனியே மாட்டிக் கொண்ட போது, தன் வயிற்றை மட்டும் நிரப்ப அது எதற்கு என்று பொய்கையில் விட்டு விட்டு உயிரையே விட்டவன் அவன்.

மணிமேகலை ஊருக்குத் திரும்புகிறாள். ஆதிரை முதல் பிச்சை இடுகிறாள். தீராத யானைப்பசியால் வாடிய காயசண்டிகையின் பசி தீருகிறது. ஊரில் உள்ள ஏழை எளியவர்களுக்கெல்லாம் சோறு போட்டு, சிறைச்சாலைக்குள்ளும் போய்க் கைதிகளுக்கு உணவளிக்கிறாள். அரசன் அழைத்து என்ன வேண்டும் என்று கேட்டான். பொன்னும் மணியுமா கேட்டாள்? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்றாள். அவனும் ஆக்கினான்.

கதை அங்கே முடிந்து விடவில்லை. உதயகுமரன் வெட்டுண்டு சாகிறான், அரசமாதேவி இவளைச் சிறைப்படுத்திக் கொடுமை செய்கிறாள், அதையும் தாண்டுகிறாள். பல ஊர் சுற்றி, பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்து அங்கேயும் பசி தீர்க்கிறாள். கடைசியில் தான் விரும்பிய நோன்பை ஏற்கிறாள். பாட்டி அவளுக்காக எழுதி வைத்திருந்த கதை ஒன்று. அவள் வாழ்ந்து காட்டிய கதை வேறொன்று.

ஏழு கேள்விகள்

இது காவியத்துக்குச் சரி. மின்சாரக் கட்டணமும் பள்ளிக்கூடச் சம்பளமும் கட்டுகிற நமக்கு என்ன பிரயோஜனம்? இங்கேதான் ஒரு சமீபத்திய செய்தி. அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர் சிலர், 2023-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், காம்பெல் சொன்ன நாயகப் பயணத்தை ஏழு அம்சங்களாகச் சுருக்கினார்கள். தங்கள் வாழ்க்கையை அந்த ஏழு அம்சங்களும் விளங்கும்படி திருப்பிச் சொல்லும்படி சாதாரண மனிதர்களைக் கேட்டார்கள். அப்படிச் சொன்னவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையில் அர்த்தம் இருக்கிறது என்ற எண்ணம் கூடியது. வாழ்க்கை மாறவில்லை. சொன்ன விதம்தான் மாறியது.

அந்த ஏழையும் நம் வீட்டுப் பாஷையில் தருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக் கொள்ளுங்கள்.

1. கதாநாயகி யார்? "அவர் சொன்னார், அவன் படித்தான், அவள் பெற்றாள்" என்று ஒரு பக்கம் எழுதி விட்டுப் பாருங்கள். அதில் 'நான்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது? 'எனக்கு இது பிடிக்கும், நான் இதை நினைத்தேன்' என்று மூன்று வரியாவது எழுதுங்கள். இது சுயநலம் அல்ல. கதாநாயகி இல்லாமல் கதை எப்படி நடக்கும்?

2. என்ன மாறியது? மணிமேகலைக்கு ஒரு மாலை நனைந்தது. உங்களுக்கு? கல்யாணம், ஊர் மாற்றம், வேலை, ஓர் இழப்பு, பிள்ளைகள் வேறு தேசம் போய் வீடு வெறிச்சோடியது. எதுவும் மாறவில்லை என்று தோன்றினால், நீங்கள் புதிதாக அலுத்துக் கொள்ளும் விஷயம் எது என்று பாருங்கள். அலுப்பும் ஓர் அழைப்புதான்.

3. எதைத் தேடுகிறீர்கள்? "நிம்மதி" என்று எழுதாதீர்கள். எல்லோருக்கும் அதுதான் வேண்டும். கைக்கு அகப்படுகிற மாதிரி எழுதுங்கள். "பாதியில் விட்ட பி.ஏ.வை முடிக்க வேண்டும்." "பாங்கிக் கணக்கை நானே பார்க்கத் தெரிய வேண்டும்." "தங்கையோடு மறுபடி பேச வேண்டும்."

4. துணை யார்? மணிமேகலைக்கு சுதமதி, தீவதிலகை, ஆதிரை, அறவண அடிகள் என்று எத்தனை பேர்! அவர்களில் யாரும் அவளுக்காகப் பயணத்தை நடத்தவில்லை. ஒருவர் வழி சொன்னார், ஒருவர் பொருள் தந்தார், ஒருவர் முதல் பிடி சோறு இட்டார். உங்களைச் சுற்றி அப்படி யார் இருக்கிறார்கள்? ஒரு பெயர்கூட எழுத வரவில்லையானால், அடுத்த மாதம் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

5. சோதனை எது? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பணமா, உடம்பா, நேரமா, பயமா? பெயர் வைத்து விட்டால் பூதம் பாதியாகி விடும்.

6. என்ன பக்குவம் வந்தது? பத்து வருஷத்துக்கு முன் உங்களால் முடியாதது, இன்று முடிகிறது, அது எது? தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது, கோபம் வந்தால் சட்டென்று பதில் சொல்லாமல் இருப்பது, 'முடியாது' என்று சொல்வது. இவையும் மந்திரங்கள்தான்.

7. பிறருக்கு என்ன கிடைத்தது? அமுதசுரபியின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் பட்டுக் கற்ற ஒன்று, இன்னொரு பெண்ணுக்கு ஒரு வருஷத்தை மிச்சப்படுத்தும். வங்கிப் படிவத்தை நிரப்பக் கற்றுக் கொண்டவள் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். அதுவும் ஊருக்குத் திரும்பி வருவதுதான்.

ஐம்பத்தைந்து வயதில் ஒருத்தி இந்த ஏழையும் எழுதிப் பார்க்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்கு, 'பெண் கல்யாணமாகிப் போய் விட்டாள்' என்று எழுதுகிறாள். அதுவரை அதை ஒரு முடிவு என்றே நினைத்திருந்தாள். ஏழில் இரண்டாவது இடத்தில் எழுதிய பிறகுதான், இன்னும் ஐந்து பாக்கி இருக்கிறது என்பது அவள் கண்ணில் படுகிறது.

ஜாக்கிரதை, இரண்டு இடம்

கதை நல்ல வழிகாட்டி, பொல்லாத எஜமானும்கூட. இரண்டு இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, பொறுமைக் கதைகள். நல்லதங்காள் கதையைக் கேட்டு அழாத தலைமுறை இல்லை. பஞ்சத்தில் ஏழு குழந்தைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவள், அண்ணி மூளி அலங்காரியின் கொடுமை தாங்காமல் குழந்தைகளையும் தள்ளித் தானும் கிணற்றில் விழுந்தாள். அந்தக் கதை அவள் செய்தது போல் நம்மையும் செய்யச் சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்கு ஒரு கதவும் திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்று ஊரைப் பார்த்துக் கேட்கிறது.

ஆகையால், வீட்டில் அடியும் உதையும் படுகிற பெண்ணிடம் போய், 'இது உன் சோதனை, தாங்கிக் கொள், பக்குவம் வரும்' என்று யாராவது சொன்னால் அது கதையும் அல்ல, தர்மமும் அல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-லேயே இந்தியாவில் சட்டம் வந்திருக்கிறது. பெண்களுக்கு உதவ 181 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அந்த எண்ணை அழுத்துவதும் ஒரு நாயகி செய்யும் காரியமே. சாவித்திரி யமனிடமே பேசி வாதாடினாள். வாய் மூடிக் கொண்டு பின்னால் நடக்கவில்லை.

இரண்டாவது, வில்லிப் பாத்திரம். நம்மைக் கதாநாயகியாக எழுத ஆரம்பித்ததும், கை தானாகவே இன்னொருத்தியைச் சூனியக்காரியாக எழுதி விடும். மருமகளின் நோட்டுப் புத்தகத்தில் அது மாமியார். மாமியாரின் நோட்டில் மருமகள். ஆபீஸ் போகிறவளின் நோட்டில் மேலதிகாரி. சில பேர் நிஜமாகவே பொல்லாதவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் தங்கள் கதையில் ஐந்தாவது கேள்வியில் சிக்கிக் கொண்டு நிற்பவர்கள். சித்திராபதியையே பாருங்கள். பேத்தியைக் கெடுக்க வந்த கிழவி என்று தோன்றுகிறது. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால், தனக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு கண் முன்னே அழிவதைக் கண்டு பதறுகிறவள். அதனால் அவள் செய்தது சரியாகி விடாது. ஆனால் அவளைப் புரிந்து கொண்டால், அவளோடு எப்படிப் பேசலாம் என்பதாவது தெரியும்.

சுவருக்கும் காது வேண்டும்

எழுத உட்கார்ந்தால் கதை வராமல் கண்ணீர்தான் வருகிறது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காக ஒரு கதை. ராமானுஜன் 1991-ல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுதியில் இது தமிழ்க் கதையாக இடம் பெற்றிருக்கிறது.

ஒரு கிழவி. புருஷன் இல்லை. இரண்டு பிள்ளை, இரண்டு மருமகள். நாலு பேரும் நாள் முழுவதும் அவளைக் கரித்துக் கொட்டினார்கள். சொல்லி அழ ஆள் இல்லை. எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் போட்டு அவள் உடம்பு பெருத்துக் கொண்டே போயிற்று. அதையும் சொல்லிக் கேலி செய்தார்கள். ஒரு நாள் மனம் வெறுத்து நடந்தவள், ஊருக்கு வெளியே கூரை இல்லாத ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போனாள். ஒரு சுவரைப் பார்த்து, பெரிய பிள்ளை செய்ததையெல்லாம் சொன்னாள். பாரம் தாங்காமல் அந்தச் சுவர் இடிந்து விழுந்தது. அவள் உடம்பு கொஞ்சம் இளைத்தது. இப்படியே நாலு சுவரிடமும் நாலு பேர் கதையைச் சொன்னாள். நாலும் விழுந்தன. இடிபாட்டின் நடுவில் உடம்பும் மனசும் லேசாகி நின்றவள், வீட்டுக்குத் திரும்பினாள்.

சுவரோடாவது சொல்லி அழு என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்! 1986-ல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியரும் ஸாண்ட்ரா பீல் என்ற பெண்மணியும் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். நாலு நாள், தினம் பதினைந்து நிமிஷம், மனசை வருத்திய விஷயத்தை எழுத வேண்டும். நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதிய உடனே துக்கம் கூடியது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் வைத்தியரிடம் போனது குறைந்தது. பின்னால் மற்றவர்கள் நடத்திய சோதனைகளில் பலன் கூடவும் குறையவும் தெரிந்தது என்பதையும் சொல்லி விட வேண்டும். எழுத்து எல்லா நோய்க்கும் மருந்து அல்ல. எழுத எழுதத் துக்கம் மேலும் மேலும் அழுத்தினால், நோட்டை மூடி வைத்து விட்டு, நம்பிக்கையானவரிடமோ வைத்தியரிடமோ பேசுவதே நல்லது.

மற்றவர்கள் செய்து பார்க்கலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். முதல் நாலு நாள் சுவரிடம் சொல்வது போல் மனம் போனபடி எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம். ஐந்தாவது நாள், மேலே சொன்ன ஏழு கேள்விக்கும் ஒவ்வொரு வரி. ஏழாவதற்குப் பதில் இப்போதே வர வேண்டும் என்பதில்லை. இடம் விட்டு வையுங்கள்.

இன்னும் ஒரே ஒரு விஷயம் பாக்கி. ஏழாவது வரிக்குக் கீழே என்ன எழுதுவது என்று பலருக்குச் சந்தேகம் வரும். பேரன் பேத்தி எடுத்தவர்கள் 'முற்றும்' என்று போட்டு விடத் துடிப்பார்கள். வேண்டாம். அந்தச் சொல் நாம் எழுதுவதற்கு உரியது அல்ல. ஏழு நாளும் உங்களைக் காக்க வைக்கிற நம் தொடர்கதைகளின் அடியில் எப்போதும் இருக்குமே ஒரு சொல், அதையே போடுங்கள்:

தொடரும்.